புகைவண்டியும் பிள்ளைச் செல்வமும்

மலாயாவின் இருப்புப்பாதை வரலாறு பெரும்பாலும் ஈயத்தின் வரலாறாகவும் இரப்பரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எத்தனை கல் தொலைவுக்குத் தண்டவாளம் போடப்பட்டது, எந்தத் துறைமுகம் எந்தச் சுரங்க நகரோடு இணைக்கப்பட்டது, அதனால் அரசுக்கு வந்த வருவாய் என்ன என்பன போன்ற செய்திகளுக்கு ஏடுகளில் குறைவில்லை. ஆயின், அதே பாதையில் தாயின் மடியில் அமர்ந்து, சாளரத்தின் வழியே மரங்கள் பின்னோக்கி ஓடுவதைக் கண்டு வியந்த குழந்தைக்கு அவ்வேடுகளில் போதிய இடமில்லை. புகைவண்டியைக் கண்டதும் கைகொட்டும் பிள்ளையின் மகிழ்ச்சியை வரலாற்றில் சேராத சிறு செய்தி என்று தள்ளிவிடுவதற்கில்லை. சரக்கேற்றுவதற்கெனப் பிறந்த ஓர் இயந்திரம் குடும்பத்தின் நினைவில் இடம்பெற்றது அம்மகிழ்ச்சியினால்தான். தமிழரைப் பொறுத்தவரையில், அதற்குப் பின்னால் வியர்வையும் உண்டு, கண்ணீரும் உண்டு.

சரக்குக்காகப் பிறந்த பாதை

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு சூன் திங்கள் முதல் நாள் திறக்கப்பட்டது. பேராக் மாநிலத்தின் ஈயச்சுரங்க நகராகிய தைப்பிங்கைக் கடற்கரையிலிருந்த போர்ட் வெல்டுடன் இணைத்த அப்பாதையின் நீளம் ஏறத்தாழ எட்டு மைல்தான். அடுத்த ஆண்டு, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலிருந்த புக்கிட் கூடா வரை சிலாங்கூர்ப் பாதை அமைந்தது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு மற்றொரு பாதை ஓடியது. இம்மூன்றையும் நிலப்படத்தில் வைத்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். ஒவ்வொன்றும் உள்நாட்டுச் சுரங்கத்தில் தொடங்கிக் கடலை நோக்கிச் செல்கின்றது. ஊரையும் ஊரையும் இணைப்பது அவற்றின் முதல் நோக்கமாக இருக்கவில்லை. ஈயத்தைக் கப்பலிடம் சேர்ப்பதே நோக்கமாக இருந்தது.

தனித்தனியே கிடந்த பாதைகள் 1901இல் கூட்டு மலாய் மாநில இரயில்வே என்னும் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. 1909இல் வடக்கே பிறையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை தொடர்ந்து செல்லும் பாதை நிறைவெய்தியது. சிங்கப்பூரிலோ 1903ஆம் ஆண்டிலேயே டேங்க் ரோட்டிலிருந்து தீவின் வடகரைக்கு வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ஜொகூர் நீரிணையின்மேல் கற்பாலம் எழுந்து, 1923இல் அதன்வழி வண்டிகள் சென்றபோதுதான் சிங்கப்பூரும் தீபகற்பமும் ஒரே தண்டவாளத்தால் பிணைக்கப்பட்டன.

இருகரையிலும் ஒரே அகலம்

இப்பாதைகள் தமிழரோடு கொண்ட உறவு தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்ட ஒன்றாகும். தமிழகத்தில் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இலும், அங்கிருந்து திருச்சிக்கு 1862இலும் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையே பின்னர் உள்நாட்டுச் சிற்றூர்களின் மக்களைக் கப்பல் துறைக்குக் கொண்டு சேர்த்தது. தஞ்சை, திருச்சி மாவட்டங்களிலிருந்து கங்காணியோடு புறப்பட்ட குடும்பங்கள் நாகையில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கின. நோய்த்தடுப்பு முகாமில் நாள்கள் சில கழித்தபின் மீண்டும் ஒரு புகைவண்டி அவர்களைத் தோட்டத்துக்கு அருகிலிருந்த நிலையத்தில் இறக்கிவிட்டது. மலாயாவின் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலமுடையது. 1870களில் மாற்றியமைக்கப்பட்ட நாகைப் பாதையும் அதே அகலமுடையதே. கடலின் இருகரையிலும் குடிபெயர்ந்தவர் கண்ட வண்டி ஒரே அளவினதாய் இருந்தது.

புதிய நாட்டில் அவ்வண்டிக்குப் பாதையமைத்தவர்களிலும் தமிழர் பலர். காட்டை வெட்டி, சதுப்பை மேடாக்கி, சல்லிக்கல் பரப்பிக் கட்டைகளைக் கிடத்தியது அவர்தம் கைகளே. பாதை முடிந்தபின் அதனைப் பேணும் பணியும் அவர்களிடமே வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்தோர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். கோலாலம்பூரில் செந்தூல் பணிமனையைச் சுற்றியும் பிரிக்ஃபீல்ட்சிலும் இரயில்வேத் தொழிலாளர் குடியிருப்புகள் வளர்ந்தன. அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கு வண்டியின் ஊதலே கடிகாரம். எந்த ஊதல் அப்பாவின் வேலை முடிந்ததைக் குறிக்கும், எந்த ஊதல் வடக்கேயிருந்து வரும் அஞ்சல் வண்டியினது என்பதெல்லாம் எழுத்தறியுமுன்னரே அவர்கள் அறிந்தவை.

பிள்ளையின் கண்ணும் வண்டியின் இயக்கமும்

குழந்தை ஏன் புகைவண்டியை இத்துணை விரும்புகின்றது? அதற்கான விடையை வண்டியின் அமைப்பிலேயே காணலாம். நீராவி எஞ்சினில் மறைபொருள் குறைவு. அடுப்பில் தீ எரிவது தெரிகின்றது. நீர் கொதித்து ஆவியாகிச் சீறுவது கேட்கின்றது. ஆவி தள்ளத் தண்டு முன்னும் பின்னும் அசைவதும், அவ்வசைவால் சக்கரம் சுழல்வதும் கண்முன் நிகழ்கின்றன. காரணமும் காரியமும் அடுத்தடுத்து நிற்பதால், எவரும் விளக்காமலே ஐந்து வயதுப் பிள்ளை அதனை ஓரளவு புரிந்துகொள்ளும். கையை மடக்கி முன்பின்னாக அசைத்து வண்டி விளையாடும் பிள்ளை உண்மையில் அத்தண்டின் இயக்கத்தையே நடித்துக் காட்டுகின்றது. 1957 முதல் டீசல் எஞ்சின்கள் வந்து, 1970களில் நீராவி வண்டிகள் ஓய்வு பெற்றபோது அவ்வெளிப்படை மறைந்தது. ஆயினும் விருப்பம் மறையவில்லை. நெடிய பெட்டிகளை ஒவ்வொன்றாய் எண்ணும் இன்பமும், கைகாட்டி இறங்கக் கண்டு வண்டி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பெருமிதமும் எஞ்சி நின்றன.

மொழிகள் இவ்வண்டிக்கு இட்ட பெயர்களும் பிள்ளையின் பார்வைக்கு நெருக்கமானவை. மலாயர் இதனை நெருப்பு வண்டி எனும் பொருளில் 'கெரேத்தா அப்பி' என்றனர். சீனரும் நெருப்பு வண்டி என்றே பெயரிட்டனர். தமிழரோ நெருப்பை விட்டுப் புகையைப் பிடித்துக்கொண்டனர். மூன்று இனத்தாரும் பயனைக் கருதாமல் முதலில் கண்ணில் பட்டதையே பெயராக்கினர் என்பது நோக்கத்தக்கது. குழந்தை பெயரிடும் முறையும் அதுவேயன்றோ!

பெயர்ப்பலகைகளும் பிள்ளைகளுக்குப் பாடமாயின. பழைய நிலையங்களின் பலகைகளில் ஊர்ப்பெயர் உரோமன், சாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. போர்ட் வெல்ட் பாதையின் தண்டவாளம் அகற்றப்பட்டு, ஊரின் பெயரும் கோல செப்பெத்தாங் என மாறிவிட்டபோதும், நான்கு எழுத்துகளைத் தாங்கிய பழைய பலகை அங்கு எஞ்சி நின்றது. தமிழ்ப்பள்ளியில் அப்போதுதான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைக்கு, ஒவ்வொரு நிலையமும் ஒரு வாசிப்புப் பாடமாக வாய்த்தது. தன் மொழி வீட்டுக்கும் பள்ளிக்கும் மட்டும் உரியதன்று, நாட்டின் பொதுவிடத்திலும் அதற்கு ஓர் இருக்கை உண்டு என்பதை அப்பலகை சொல்லாமல் சொல்லிற்று.

குடும்பத்தோடு ஒரு பயணம்

பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்து உழைத்த குடும்பத்துக்கு உலா என்பது எளிதில் வாய்ப்பதன்று. ஆண்டில் ஓரிரு நாள்களே அதற்குக் கிடைத்தன. அவற்றுள் தலையாயது தைப்பூசம். கோலாலம்பூருக்கு வடக்கேயுள்ள பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகின்றது. அங்கு முருகன் வழிபாட்டை நிறுவியவர் தம்புசாமிப் பிள்ளை. பின்னர் அம்மலையடிவாரத்துக்கு ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. சுண்ணாம்புக்கல்லை ஏற்றிவருவதற்கென அமைந்த பாதை அது. ஆயினும் விழா நாளில் கல்லேற்றிய தடத்தில் காவடியும் பால்குடமும் சென்றன. பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் முழுவதும் கட்டுச்சோற்றோடு வண்டியேறியது. பிள்ளைகளுக்கு அந்நாளில் இரு பேறுகள்: ஒன்று முருகன், மற்றொன்று இரயில். இரண்டனுள் எது பெரிது என்று அவர்களைக் கேட்டிருந்தால் விடை கூறத் தயங்கியிருப்பர்.

சிங்கப்பூரிலும் இத்தகைய பொருத்தம் ஒன்று அமைந்தது. நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் டேங்க் ரோட்டில் உள்ளது. தைப்பூச ஊர்வலம் நிறைவுறும் இடமும் அதுவே. 1903 முதல் 1932 வரை சிங்கப்பூரின் தலைமை இரயில் நிலையமும் அதே சாலையில் இருந்தது. கோயிலுக்கு வந்த பிள்ளைக்கு வேலும் மயிலும் காட்டிய பெற்றோர் இரயிலைக் காட்டாமல் திரும்பியிருக்க முடியாது.

போர்ட் டிக்சன் பாதையின் கதையும் இதுபோன்றதே. ஈயத்துக்கெனப் போட்ட பாதையின் முடிவில் கடலும் மணற்பரப்பும் இருந்தமையால், அவ்வூர் விடுமுறை நாடுவோரின் கடற்கரையாகவும் வளர்ந்தது. முதலாளியின் கணக்கேட்டில் துறைமுகமாக இருந்த ஊர், பிள்ளையின் நினைவில் மணல்வீடு கட்டிய ஊராயிற்று. பாதைகளை வகுத்தோர் எண்ணியிராத பயன்கள் இவை. பயன்படுத்திய மக்களே அவற்றைப் படைத்துக்கொண்டனர்.

தந்தையரைக் கொண்டு சென்ற வண்டி

இம்மகிழ்ச்சியின் நடுவே இருண்ட ஓர் அத்தியாயமும் உண்டு. 1942இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றிய சப்பானியர், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமைக்க முற்பட்டனர். போர்க் கைதிகளோடு ஆசியத் தொழிலாளர்களும் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையாக அனுப்பப்பட்டனர். கூலியும் உணவும் கிடைக்கும் என்று நம்பிச் சென்றோரும் உளர்; வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உளர். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்குள் வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி, உதை ஆகியவற்றால் மாண்ட தமிழர் பல்லாயிரவர். மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்தே தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு அங்குக் கொண்டு செல்லப்பட்டன. ஒரு தலைமுறை போட்ட இரும்பு அடுத்த தலைமுறையின் உயிரைக் குடிக்கச் சென்றது.

தோட்டங்களில் தங்கிவிட்ட பிள்ளைகளுக்கு அன்று முதல் புகைவண்டி வேறு பொருள் தந்தது. முன்பு அப்பாவோடு ஏறிய வண்டி. இப்போது அப்பாவை ஏற்றிச் சென்று திரும்பக் கொண்டுவராத வண்டி. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இத்துயரைத் தமிழில் பதிவு செய்துள்ளன. போர் முடிந்தபின் வண்டிகள் மீண்டும் ஓடின. தைப்பூசக் கூட்டமும் மீண்டும் சேர்ந்தது. தந்தையை இழந்து வளர்ந்தோர் தம் மக்களைத் தூக்கிக்கொண்டு அதே நிலையங்களில் நின்றனர். அவர்கள் பிள்ளைக்கு வண்டியைக் காட்டி மகிழ்வித்தனரேயன்றித் தம் அச்சத்தைப் பிள்ளைக்கு ஊட்டவில்லை. எழுதப்படாத வீரம் என்று அதனைக் கூறலாம்.

வளையம் கைமாறிய நிலையம்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932 மே திங்களில் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் வேளாண்மை, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு சிலைகள் நிற்கின்றன. அத்தடத்திலிருந்த புக்கிட் தீமா என்னும் சிறு நிலையம் பிள்ளைகளுக்கு வேறொரு காட்சியை வழங்கியது. ஒற்றைத் தடமாகையால் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாதிருக்க அங்கு ஒரு முறை பின்பற்றப்பட்டது. இரு நிலையங்களிலும் மின்னிணைப்புள்ள பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து அடையாளச் சாவியை எடுத்துவிட்டால், அது மீண்டும் ஒரு பெட்டியில் சேரும்வரை மற்றொரு சாவியை எங்கும் எடுக்க இயலாது. அச்சாவியைப் பெற்ற வண்டிக்கே அத்தடத்தில் செல்ல உரிமை உண்டு. சாவியைத் தாங்கிய வளையத்தை நிலைய ஊழியர் நீட்ட, ஓடும் வண்டியிலிருப்பவர் கைநீட்டிப் பற்றிக்கொள்வார். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் அச்செயலைப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்ப்பர்.

அந்நிலையத்தில் இம்முறை 2011 வரை நீடித்தது. சிங்கப்பூர், மலேசிய அரசுகள் 2010இல் கண்ட உடன்பாட்டின்படி, 2011 சூலை முதல் நாள் இரயிலின் எல்லை உட்லண்ட்சுக்கு மாறியது. அதற்கு முன்தினம் இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் ஓட்டிச் சென்றார். அவ்விறுதி நாள்களில் தடத்தின் இருமருங்கும் குடும்பங்கள் திரண்டன. தாத்தா தம் பேரனுக்கும், தாய் தன் மகளுக்கும் காட்ட விரும்பிய கடைசிக் காட்சி அது. தண்டவாளம் அகற்றப்பட்டபின் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்நிலம் மக்கள் நடந்து மகிழும் பசுமைப் பாதையாயிற்று.

சிங்கப்பூரில் 1987இல் விரைவு இரயில் வந்தது. கோலாலம்பூரில் 1998இலும் சிங்கப்பூரில் 1999இலும் ஓட்டுநரில்லா இலகு இரயில்கள் வந்தன. ஓட்டுநர் இருக்கை இல்லாமையால் முன்கண்ணாடி பிள்ளைகளுக்குக் கிடைத்தது. 2010இல் பத்துமலைக்கே மின்சார இரயில் சென்றது. தொழில்நுட்பம் மாறினும் அம்முன்கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கும் பிள்ளை மாறவில்லை.

ஆசிரியர்க்கு ஒரு வாய்ப்பு

பிள்ளையின் இவ்விருப்பத்தை விளையாட்டென்று கருதிவிடாமல் கல்விக்குரிய வாயிலாகக் கொள்வது தமிழாசிரியரின் கடமையாகும். நான்கெழுத்துப் பலகை மொழியுரிமையைக் கற்பிக்கும். கைமாறும் வளையம் பொறுப்பையும் நம்பிக்கையையும் கற்பிக்கும். சயாம் பாதை, வளரும் மாணவர்க்கு முன்னோர் கொடுத்த விலையைக் கற்பிக்கும். தண்டவாளத்தின் அடியில் கிடக்கும் கட்டைகளை வண்டியில் செல்வோர் காண்பதில்லை. ஆயினும் வண்டியின் பாரம் முழுவதையும் தாங்குவன அவையே. அக்கட்டைகளைக் கிடத்தியவர் யாவர் என்று ஒரு பிள்ளை கேட்குமாயின், அதற்குப் பெயரும் ஊரும் ஆண்டும் கூறி விடையளிக்கும் ஆசிரியர் அருகில் இருத்தல் வேண்டும். அவ்விடை கிடைக்கும் வரையில் இந்நாட்டு இருப்புப்பாதையின் வரலாறு பாதி எழுதப்பட்ட நூலாகவே இருக்கும்.