தொப்புள் தொற்றுக்கு ஓர் எண்: கிராமப் பதிவேட்டிலிருந்து அம்பத்தூர்க் கணினித் திரை வரை

திருவேற்காட்டிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போகும் இளைஞர்கள் உண்டு. ஏதோ ஓர் அமெரிக்க மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் தொப்புள் சிவந்து சீழ் கட்டியிருந்தால், அந்தக் கேஸ் ஷீட்டைப் படித்து உரிய எண்ணை இடுவது இவர்கள் தொழில். அதே நோயோடு திருவேற்காட்டுக் குழந்தை ஒன்று இங்குள்ள புறநோயாளிப் பிரிவுக்கு வந்தால் மருந்து கிடைக்கும். எண் கிடைப்பது அரிது. இந்த இடைவெளி உருவான வரலாற்றை இக்கட்டுரை தேடுகிறது.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899இல் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் இறப்பைக் குறித்துவைத்தவர் மருத்துவரல்லர், கிராம முன்சீப். மாகாணச் சுகாதார அறிக்கைகளில் காரணங்களுக்கு இருந்த கட்டங்களோ சில: காலரா, பெரியம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், ‘மற்றவை’. கொடியறுத்த கருவியிலிருந்தோ அறுபட்ட இடத்தில் வைத்த சாம்பலிலிருந்தோ கிருமி ஏறி, ஒரு வாரத்தில் பால் குடிக்க முடியாமல் வாய் இறுகி இறந்த சிசு ‘காய்ச்சலி’லோ ‘மற்றவை’யிலோதான் சேர்ந்திருக்க முடியும். மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சியும் பதிவும் வேண்டும் என்று 1926ஆம் ஆண்டுச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வகுத்தது. பேறு பார்ப்பவரை ஒழுங்குபடுத்த அரசு முனைந்தபோதும் முன்சீப்பின் கட்டங்களில் தொப்புளுக்கு இடமில்லை.

உலக அளவில் நோய்களை எண்ணிட்டு அடுக்கும் வேலையை மரணமே தொடங்கிவைத்தது. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ழாக் பெர்ட்டியோன் முன்வைத்தது இறப்புக் காரணங்களின் பட்டியல். 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்ட அப்பட்டியலின் 6ஆம் திருத்தத்தில்தான் உயிரோடிருக்கும் நோயாளியின் நோய்களும் முழுமையாக இடம்பெற்றன. அதில் பச்சிளங்குழந்தைத் தொற்றுகளுக்கு 763 முதல் 768 வரை ஒதுக்கப்பட்டு, தொப்புள் சீழ்த்தொற்று 767 ஆனது.

1975இல் ஏற்கப்பட்ட 9ஆம் திருத்தம் முக்கியமான ஒன்றைச் செய்தது. பச்சிளங்குழந்தையின் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) 771.3, தொப்புள் அழற்சிக்கு 771.4 என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தது. ஒரே புண் வழியாக நுழையும் இரு நோய்கள் என்பதால் அது பொருத்தமான இருக்கைதான். 10ஆம் திருத்தம் அவற்றைப் பிரித்தது: ரணஜன்னி ஏ33 என்று தொற்றுநோய் அத்தியாயத்துக்குப் போனது, தொப்புள் அழற்சி பி38 ஆகப் பேறுகாலப் பகுதியிலேயே தங்கியது. இதற்கிடையே, 1989இல் உலக சுகாதாரப் பேரவை பச்சிளங்குழந்தை ரணஜன்னியை ஒழிக்கும் இலக்கை அறிவித்திருந்தது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, சுத்தமான நூல் என இயக்கம் நடந்து, 2015இல் இந்தியா அந்த இலக்கை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. அந்த இயக்கத்தின் பயன் தொப்புள் அழற்சிக்கும் கிடைத்திருக்கும். ஆனால் அதற்கென்று இலக்கு இல்லை; அதனால் கணக்குக் கேட்பாரும் இல்லை என்பது என் கருத்து.

அமெரிக்காவில் கணக்குக் கேட்டது காப்பீடு. அந்நாடு 10ஆம் திருத்தத்தின் தன் பதிப்புக்கு 2015 அக்டோபர் 1 அன்று மாறியது. உலகப் பதிப்பில் ஒரே எண்ணாக இருந்த பி38, அங்கே லேசான ரத்தக்கசிவு இருந்தால் பி38.1, இல்லாவிட்டால் பி38.9 என்று பிளந்தது. தொற்றில்லாத ரத்தக்கசிவு பி51இல் வரும். கொடி விழுந்தபின் ஈரமாக நிற்கும் சதைத் துணுக்குக்குப் பி83.81. பச்சிளம் பருவம் கடந்தவருக்கு அதே அழற்சி எல்08.82 ஆகிவிடும். மருத்துவர் ‘தொப்புள் சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் கோடர் தானாக ஊகிக்கக் கூடாது; விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆக, கசிவு இருந்ததா, சிவப்பு சுற்றுத்தோலுக்குப் பரவியதா, ரத்தத்தில் கிருமி ஏறியதா என்பதையெல்லாம் மருத்துவர் எழுதியே தீர வேண்டியிருக்கிறது. பணத்துக்காக வந்த ஒழுங்கு இது. ஆனாலும் நோயை உற்றுப் பார்த்து எழுதும் பழக்கத்தை அது வளர்த்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இந்தியாவில் குறியீடு இன்னும் பெரும்பாலும் சாவைச் சுற்றியே நிற்கிறது. 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்கீழ், மருத்துவமனையில் நேரும் இறப்புக்குக் காரணச் சான்றாகப் படிவம் 4 நிரப்பப்படுகிறது. இறந்தது பச்சிளங்குழந்தையாக இருந்து, மருத்துவர் முதல் வரியில் ‘செப்சிஸ்’ என்று எழுதி நிறுத்திக்கொண்டால் அது பி36இல் விழும். அடுத்த வரியில் ‘தொப்புள் அழற்சியால்’ என்று சேர்த்தால்தான் அடிப்படைக் காரணம் பி38 ஆகும். ஒரு வரி விடுபட்டால், தடுத்திருக்கக்கூடிய காரணம் புள்ளிவிவரத்திலிருந்தே மறைந்துபோகிறது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் காரணச் சான்றின் நகலை உறவினருக்கும் தரச் சொல்கிறது. அந்த இரண்டாம் வரியைப் பற்றி அது பேசவில்லை. காப்பீட்டுப் பக்கமும் உதவவில்லை. 2018இல் தொடங்கிய பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தில் பச்சிளங்குழந்தைத் தொகுப்புகள் சாதாரணம், சிறப்பு, தீவிரம் எனக் கவனிப்பின் தரத்தை வைத்துப் பிரிக்கப்பட்டவை. நோய் எங்கே தொடங்கியது என்பது அங்கே தொகையை முடிவுசெய்வதில்லை.

இவற்றைவிட ஆழமான சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. சிக்கலில்லாத பேறென்றால் சில நாள்களில் தாயும் சேயும் வீடு திரும்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியும் அத்துடன் முடிகிறது. ஆனால் நிறைமாதக் குழந்தைக்குத் தொப்புள் அழற்சி பெரும்பாலும் 5 முதல் 9 நாள்களுக்குள்தான் தலைகாட்டும். அப்போது குழந்தை அம்மாச்சி வீட்டில் இருக்கும். கொடி விழ மஞ்சளோ எண்ணெயோ வசம்புச் சாம்பலோ வைக்கப்படலாம். எதுவும் வைக்காமல் உலரவிடுவதே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 1998இலேயே பரிந்துரைத்திருந்தாலும் பாட்டிமாரின் கை அவ்வளவு எளிதில் ஓய்வதில்லை. பேறு ஓரிடம், தொற்று வேறிடம், சிகிச்சை மூன்றாமிடம் என்றாகும்போது மூன்றையும் இணைக்கும் ஏடு வேண்டியிருக்கிறது.

அந்த ஏட்டுக்கான பொருள் கைவசம் உள்ளது. தொப்புள் சிவந்தாலோ சீழ் வடிந்தாலோ ஓரிடப் பாக்டீரியத் தொற்று என வகைப்படுத்தும் முறையை, பச்சிளங்குழந்தை மற்றும் குழந்தைப்பருவ நோய்களுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைப் பயிற்சி களப்பணியாளருக்குக் கற்றுத்தருகிறது. பொதுச் சுகாதார ஊழியர்களைப் பயிற்றுவிக்கும் நிறுவனம் திருவேற்காட்டுக்குப் பக்கத்தில், பூந்தமல்லியிலேயே இருக்கிறது. பி38.1க்கும் பி38.9க்கும் வேறுபாடு தெரிந்தவர்கள் அம்பத்தூரில் இருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் முதல் இரு வாரங்களில் வீட்டுக்குப் போகும்போது தாய்-சேய் அட்டையில் தொப்புளின் நிலை, கண்ட நாள், வைக்கப்பட்ட பொருள் ஆகிய மூன்றையும் குறிக்கட்டும். புறநோயாளிச் சீட்டில் பி38 என்ற எண் அதைத் தொடரட்டும்.