சங்கப் பாடல்களில் குழந்தையுணவு: பாலும் கூழும் சோறும்

முன்னுரை

தமிழிலக்கியத்தில் குழந்தையைப் பற்றிய பேச்செழும்போது பிள்ளைத்தமிழே முதலில் நினைவுகூரப்படுகிறது. காப்பு முதலாகப் பத்துப் பருவங்களை வகுத்துக் கொண்டு குழந்தையின் வளர்ச்சியைப் பாடுவது அவ்விலக்கிய வகை. ஆயின் அது தனி இலக்கியமாக உருப்பெறுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, குழந்தை எதனை உண்டது, யார் ஊட்டினர், உணவற்ற வீட்டில் குழந்தை என்ன செய்தது என்பனவற்றைச் சங்கப் புலவர்கள் பாடியுள்ளனர். இவ்வகையில் செல்வமனைக் காட்சிகள் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறுகின்றன. வறிய மனைக் காட்சிகளோ புலவரின் வறுமைக்குச் சான்றாக மட்டுமே காட்டப்பெறுகின்றன. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி அக்காலக் குழந்தையுணவின் வரலாறு முழுமை பெறாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

செவிலியர் ஊட்டலும் சிறுமி மறுத்தலும்

போதனார் பாடிய நற்றிணை 110 ஆம் பாடல், மணமாகிச் சென்ற மகளின் இளமையை எண்ணிப் பார்ப்பதாக அமைந்தது. தேன் கலந்த இனிய பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, மற்றொரு கையில் பூச்சுற்றிய சிறு கோலை ஓங்கியவாறு செவிலியர் அவளை உண்ணச் சொல்கின்றனர். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடிப் பந்தரை அடைகிறாள். நரைத்த கூந்தலையுடைய செவிலியர் பின்தொடர இயலாமல் ஓய்ந்து போகின்றனர்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் உள்ளன. ஊட்டுபவர் பெற்ற தாயல்லர், செவிலியரே. ஓங்கப்பெறும் கோல் பூச்சுற்றியதாதலின், அச்சுறுத்தல் உண்டேயன்றித் துன்புறுத்தல் இல்லை. உண்ண மறுத்தல் குழந்தையின் குற்றமாகக் கருதப்படாமல் விளையாட்டாகவே கொள்ளப்படுகிறது. கணவன் குடி வறுமையுற்ற காலத்து, தந்தை வீட்டின் வளமான சோற்றை நினையாமல், ஒருபொழுது விட்டு ஒருபொழுது உண்ணும் உறுதியுடையவளாக அதே பெண் பாடலின் இறுதியில் காட்டப்படுகிறாள். இளமையில் உணவை மறுத்தது வளத்தின் அடையாளம்; பின்னர் மறுப்பது வறுமையிலும் குறையாத மதிப்பின் அடையாளம்.

தானே உண்ணப் பழகல்

புறநானூறு 188 ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடை நம்பி, குறுகுறு நடந்து வந்து சிறுகை நீட்டும் குழந்தையைக் காட்டுகிறான். அக்குழந்தை நெய் கலந்த சோற்றைத் தரையில் இடுகிறது, தொடுகிறது, வாயில் கவ்வுகிறது, கையால் துழாவுகிறது, உடல் முழுதும் பூசிக்கொள்கிறது. ஊட்டப்பெறும் நிலையிலிருந்து தானே உண்ணும் நிலைக்கு மாறும் பருவம் இது. ஒவ்வொரு செயலையும் தனித்தனி வினையாக அடுக்கியிருப்பது கூர்ந்த நோக்கின் விளைவு எனலாம். மக்களின் சிறுகை அளாவிய கூழ் அமிழ்தினும் இனிது என்னும் கருத்துடைய திருக்குறளுக்கு (64) உரை வகுக்கும் பரிமேலழகர், அளாவுதல் என்பதை இப்பாடலின் சொற்களைக் கொண்டே விளக்குகிறார். சிந்துவதும் பூசுவதும் உண்ணக் கற்றலின் பகுதி என்பதை இம்மரபு இயல்பாக ஏற்றுக்கொண்டுள்ளது.

வறிய மனையில் குழந்தை

இதற்கு நேர் எதிரான காட்சிகள் வள்ளல் குமணனை நோக்கிய பாடல்களில் உள்ளன. புறநானூறு 164 இல் பெருந்தலைச் சாத்தனார் தம் வீட்டு அடுப்பை முதலில் காட்டுகிறார். சமைத்தலை மறந்த அவ்வடுப்பில் காளான் பூத்திருக்கிறது. அடுத்துப் பாலின்றித் தோலாய்த் திரங்கி, பால் வரும் துளையும் தூர்ந்த முலையைக் காட்டுகிறார். அதனைச் சுவைக்குந்தோறும் குழந்தை அழுகிறது. குழந்தையின் முகம் நோக்கித் தாய் கண்ணீர் வடிக்கிறாள். அடுப்பை முன்னும் முலையைப் பின்னும் வைத்த முறை கருதத்தக்கது. குழந்தையின் பசி தாயின் பசியிலிருந்து தொடங்குகிறது என்பதை இவ்வைப்புமுறை புலப்படுத்துகிறது.

பெருஞ்சித்திரனாரின் 160 ஆம் பாடல் மேலும் ஒருபடி செல்கிறது. பாலில்லாத முலையைச் சுவைத்துப் பயன்பெறாத புதல்வன், கூழும் சோறும் வேண்டி வெறுங்கலங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அழுகிறான். அவன் முலையுண்பவன், அதே வேளையில் கூழும் சோறும் அறிந்தவன், கலத்தைத் தானே திறக்கும் அளவு வளர்ந்தவன். தாய்ப்பாலை நிறுத்தாமலே பிற உணவும் தரும் வழக்கம் அன்று இருந்ததற்கு இப்பாடல் சான்றாகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தந்து, பின்னர் இணையுணவுடன் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தாய்ப்பாலைத் தொடர வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் இக்காலப் பரிந்துரை. பிற உணவு தொடங்கிய மாதத்தைப் பாடல் கூறவில்லையாதலின் இவ்விரண்டையும் முழுதும் ஒப்பிடுதல் இயலாது. பாலும் சோறும் உடன்நிகழ்ந்தன என்பது மட்டும் தெளிவு.

நிலவு காட்டல்

அழும் புதல்வனைத் தேற்றத் தாய் புலியென்று அச்சுறுத்துகிறாள், நிலவைக் காட்டுகிறாள். பிற்காலப் பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம், குழந்தையுடன் விளையாட நிலவை அழைப்பதாக அமைந்தது. இன்றும் நிலவைக் காட்டிச் சோறூட்டுவது தமிழர் இல்லங்களில் காணும் வழக்கம். ஆனால் பெருஞ்சித்திரனார் பாடலில் நிலவு காட்டப்படுவது உணவை ஊட்டுவதற்கன்று; ஊட்ட உணவில்லை என்பதை மறக்கச் செய்வதற்கு.

முடிவுரை

பொற்கலத்துப் பாலை மறுத்து ஓடிய சிறுமியும், வெறுங்கலத்தைத் திறந்து அழுத புதல்வனும் சங்கப் பாடல்கள் காட்டும் குழந்தைகளே. முன்னவளைக் கொண்டு மட்டும் அக்கால வாழ்வை மதிப்பிட்டால், உணவை மறுக்கும் உரிமை எல்லாக் குழந்தைக்கும் இருந்தது என்னும் பிழையான முடிவே கிடைக்கும். வறிய மனைக் குழந்தை இப்புறப்பாடல்களில் இடம்பெறுவது, தந்தை பரிசில் வேண்டிப் பாடும் சூழலிலேயே என்பதும் மறத்தற்குரியதன்று. பாடத் தெரியாத தந்தையரின் வீட்டுக் குழந்தைகள் எதனை உண்டனர் என்னும் வினாவைத் தவிர்த்துவிட்டுத் தமிழர் உணவு வரலாற்றை எழுதுதல் இயலாது.