கிரியான் ஆறும் தைப்பூச விடுமுறையும்

சுங்கை பாக்காப்பிற்குத் தெற்கே, கிரியான் ஆற்றை ஒட்டி மூன்று மாநிலங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. நிபோங் திபால் பினாங்கைச் சேர்ந்தது. பாரிட் புந்தார் பேராவைச் சேர்ந்தது. அதன் எதிர்க்கரையிலுள்ள பண்டார் பாருவோ கெடாவைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டக் காலத்தில் இவ்வட்டாரத்திற்கு வந்து குடியேறிய தமிழர்க்கு முருகன் ஒருவனே. எனினும், அவனுடைய திருநாளுக்கான விடுமுறை எல்லாக் கரைக்கும் ஒன்றாக அமையவில்லை.

பினாங்கில் தைப்பூசத்தின் வேர் ஆழமானது. நகரத்தார் காரைக்குடியிலிருந்து தருவித்த வெள்ளி இரதம் 1894 முதல் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்கிறது. வழிநெடுகச் சீனரும் தேங்காய்களைக் குவித்து வைத்து உடைப்பர். அதனை வேற்றுச் சமயத்தார் விழா என்று அவர்கள் எண்ணியதாகத் தெரியவில்லை! பினாங்கிலும் பேராவிலும் அந்நாள் மாநிலப் பொது விடுமுறை. தலைநகர்த் தமிழரோ 2008 வரை காத்திருந்தனர். பொதுத்தேர்தல் நெருங்கிய வேளையில் அது கிட்டியது.

நாள்களை ஏற்பதும் மாற்றுவதும் அரசுகளின் வழக்கமே. துருக்கி 1935-இல் வார ஓய்வை வெள்ளியினின்று ஞாயிறுக்கு மாற்றியது. ஆயினும் நோன்புப் பெருநாளையும் தியாகப் பெருநாளையும் விடுமுறைகளாகவே வைத்துக்கொண்டது.

கெடாவில் தைப்பூசம் ஆண்டுதோறும் தனியே அறிவிக்கப்படும் சிறப்பு விடுமுறையாக இருந்தது. 2021-இல் அவ்வறிவிப்பு வரவில்லை. நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் ஊர்வலம் இல்லை என்பது காட்டப்பட்ட காரணம். காவடி எடுக்காத வீட்டிலும் அன்று விளக்கேற்றிப் பாலும் பழமும் படைப்பார்கள் என்பதை அக்காரணம் எண்ணிப் பார்க்கவில்லை.