நடுகல்லும் காப்பாளர் இருக்கையும்

நடுகற்கள் மிகுந்த நிலம் தருமபுரி. தொறு மீட்டுப் பட்ட வீரனின் பெயர், அவன் தலைவனின் பெயர், அரசனின் ஆட்சியாண்டு ஆகியவற்றை அக்கற்கள் நமக்குச் சொல்கின்றன. பெண்ணோ பெரும்பாலும் வீரனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளாகவோ, பிற்காலச் சதிகல்லில் உயர்த்திய கையுடனோதான் நிற்கிறாள். தருமபுரி அகழ்வைப்பகத்தில் இக்கற்களின் முன் நிற்கும்போது நம்முள் ஒரு வினா எழுகிறது: காக்கத்தக்கது எது என்று முடிவு செய்யும் இருக்கையில் பெண் எப்போது அமர்ந்தாள்?

சென்னை அருங்காட்சியகம் 1851இல் தோன்றியது. எட்வர்டு பால்ஃபர், எட்கர் தர்ஸ்டன், அ. அய்யப்பன் என அதன் முதல் நூறாண்டின் தலைமை வரிசை முழுவதும் ஆண்களே. தில்லியில் 1949இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகத்தின் இயக்குநராக 1960இல் கிரேஸ் மார்லி என்னும் அமெரிக்கப் பெண்மணி பொறுப்பேற்றார். சான்ஃபிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தை 1935 முதல் நடத்தித் தேர்ந்தவர் அவர். அருங்காட்சியகம் பொருள்களை அடுக்கும் கிடங்கன்று, காண வருபவருக்குக் கற்பிக்கும் இடம் என்ற எண்ணத்தை இங்கே வேரூன்றச் செய்தவர்களுள் முதன்மையானவர். 1966 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1985இல் தில்லியிலேயே மறைந்தார்.

தமிழகத்தில் இவ்வரிசையில் நினைக்கத்தக்கவர் டெபோரா தியாகராஜன். இவரும் அமெரிக்காவில் பிறந்தவரே. இவர் 1984இல் நிறுவிய அறக்கட்டளை, 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைத் திறந்தது. நெசவாளர், குயவர், வணிகர் ஆகியோரின் பழைய வீடுகள் பிரித்துக் கொணரப்பட்டு அங்கே மீண்டும் எழுப்பப்பட்டன. வாளும் செப்புத் திருமேனியும் பெற்றிருந்த இடத்தைத் திண்ணையும் முற்றமும் பெற்றன. பெண் தலைமை ஏற்றால் வீட்டைத்தான் காட்டுவாள் என்பதன்று நம் கருத்து. தேர்பவர் மாறும்போது தேரப்படுவதும் மாறுகிறது என்பதே.

அண்மைக் காலத்தில், பரதநாட்டியக் கலைஞரும் ஆட்சிப்பணி அலுவலருமான கவிதா ராமு, 2021இல் புதுக்கோட்டை ஆட்சியராவதற்கு முன்பு, தமிழக அருங்காட்சியகத் துறையின் இயக்குநராக இருந்தார். கதவு திறந்துதான் இருக்கிறது. ஆயினும் கல்வெட்டு படிக்கக் கற்கும் நம் மாவட்டத்து மாணவியருக்கு அக்கதவு இருக்கும் திசையை நாம் காட்டியிருக்கிறோமா? சதிகற்கள் பலவற்றில் பெண்ணின் பெயர்கூட இல்லை. அக்கல்லுக்கு விளக்கக் குறிப்பு எழுதும் பணி அவர்களுள் ஒருத்தியிடம் வரும் நாளில், ‘இவள் யார்?’ என்ற வினாவே அவளது முதல் வரியாகலாம்.