கேட்டைத் தாண்டிப் போன காவல்: ஜெனரல் பால் நகசோனேயின் கதை



நம் கேட்டில் நிற்கும் காவலரின் வேலை என்ன? வருகிறவரை விசாரிப்பார், பதிவேட்டில் எழுத வைப்பார், சந்தேகம் வந்தால் நிறுத்துவார். திருடன் எங்கே கூடுகிறான் என்று தெருவில் தேடிப் போய், அவன் கையிலிருக்கும் கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டு வருவதும் அவர் வேலைதானா? கணினி வலைப்பின்னல்கள் விஷயத்தில் அமெரிக்க ராணுவம் பல வருடம் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியது. "ஆமாம், போகத்தான் வேண்டும்" என்று முடிவெடுத்து நடத்திக் காட்டியவர் ஜெனரல் பால் நகசோனே.

1963-ல் பிறந்து மின்னசோட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். அப்பா எட்வின், ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பானிய விமானங்கள் பேர்ல் ஹார்பரைத் தாக்க வந்ததைச் சிறுவனாக நேரில் பார்த்தவர். பிறகு அதே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, போருக்குப் பின் ஜப்பானில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். மகன் 1986-ல் ராணுவ உளவுப் பிரிவில் அதிகாரியானார். 2001 செப்டம்பர் 11 அன்று பென்டகன் மீது விமானம் மோதியபோது அவர் அங்கேதான் வேலையில் இருந்தார். எதிர்பாராத தாக்குதல் என்பது அந்தக் குடும்பத்துக்கு ஏட்டுப் பாடம் இல்லை, பாருங்கள்.

அவரை இந்தத் துறைக்குள் இழுத்த சம்பவம் 2008-ல் நடந்தது. மத்தியக் கிழக்கில் ஒரு ராணுவ முகாமில் இருந்த லேப்டாப்பில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகினார்கள். அதிலிருந்த கெட்ட நிரல், வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத ரகசிய வலைப்பின்னலுக்குள்ளும் பரவிவிட்டது. அதைத் துடைத்தெடுக்கக் கிட்டத்தட்ட 14 மாதம் ஆனது. ராணுவத்தில் பென் டிரைவ்களுக்கே தடை போட்டார்கள். இதற்கென்று தனிப் படைத் தலைமையகம் வேண்டும் என்ற முடிவும் அப்போதுதான் வந்தது. 2010-ல் பிறந்த அந்தச் 'சைபர் கமாண்ட்' எப்படி அமைய வேண்டும் என்று திட்டம் வரைந்த நான்கு அதிகாரிகளில் நகசோனேயும் ஒருவர்.

2016-ல் ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பின் இணையப் பிரசாரத்தை முடக்கும் கூட்டுப் படைக்கு அவர் தலைமை ஏற்றார். வீடியோ, பத்திரிகை, செயலி என்று உலகம் முழுக்கப் பரவிய அந்தப் பிரசாரம், உள்ளே போய்ப் பார்த்தால் சுமார் பத்து கணக்குகளையும் சர்வர்களையும் நம்பியே ஓடிக்கொண்டிருந்தது. 2016 நவம்பரில் ஒரே நேரத்தில் அவற்றுக்குள் புகுந்து கோப்புகளை அழித்தார்கள், கடவுச்சொற்களை மாற்றினார்கள். ஒரு கணக்கு மட்டும் "உங்கள் செல்லப் பிராணியின் பெயர் என்ன?" என்று பாதுகாப்புக் கேள்வி கேட்டது. எல்லோரும் திகைத்து நிற்க, பின்னாலிருந்து ஒருவர் "1257" என்றார். போட்டதும் திறந்துகொண்டது. அந்த ஆளை ஒரு வருடமாகக் கவனித்து வந்தவர் அவர். எந்தக் கேள்விக்கும் அந்த ஆள் அதே எண்ணைத்தான் பதிலாக வைப்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2018 மே மாதம் நகசோனே நான்கு நட்சத்திர ஜெனரல் ஆனார். சைபர் கமாண்ட், ரகசியத் தகவல் சேகரிக்கும் தேசியப் பாதுகாப்பு முகமை இரண்டுக்கும் அவரே தலைவர். அவர் சொன்ன கொள்கை எளிமையானது. எதிரி தினமும் வருகிறான், எனவே நாமும் தினமும் அவன் இருக்கும் இடத்திலேயே அவனை எதிர்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் நடந்த அமெரிக்க இடைக்காலத் தேர்தல் நாளில், பொய்ச் செய்தி பரப்பிய ரஷ்ய நிறுவனம் ஒன்றின் இணையத் தொடர்பை அவருடைய படை துண்டித்ததாகப் பின்னர் பத்திரிகைகள் எழுதின. நட்பு நாடுகள் அழைத்தால், அங்கேயே போய் ஊடுருவல்காரர்களைத் தேடும் குழுக்களையும் அனுப்பினார். அப்படி ஒரு குழு 2021 டிசம்பரில் உக்ரைன் போய்ச் சேர்ந்தது. ரஷ்யா படையெடுத்தது 2022 பிப்ரவரியில்.

இத்தனைக்குப் பிறகும் 2020-ல் பெரிய ஓட்டை தெரியவந்தது. சோலார்விண்ட்ஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள் அப்டேட்டுக்குள் ரஷ்ய உளவாளிகள் ஒளிந்து வந்திருந்தார்கள். அந்த அப்டேட் சுமார் 18,000 வாடிக்கையாளர்களிடம் போயிருந்தது. அவர்களில் அமெரிக்க அரசுத் துறைகளும் உண்டு. வெளியில் தேடிப்போன காவலின் கண்ணில் இது படவில்லை. கண்டுபிடித்தது ஃபயர்ஐ என்ற தனியார் நிறுவனம். தங்கள் ஊழியர் ஒருவரின் பெயரில் இரண்டாவது போன் பதிவாகியிருப்பதைப் பார்த்து, "இது உங்களுடையதா?" என்று அவரிடமே கேட்டார்கள். "இல்லை" என்றார். அங்கிருந்துதான் நூல் பிடித்துப் போனார்கள். எதிரிகள் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கும் சர்வர்களிலிருந்து இயங்கியதையும், தன் அமைப்புக்கு உள்நாட்டில் பார்க்க அதிகாரம் இல்லாததையும் நகசோனே செனட் சபையில் விளக்கினார்.

சரி, அந்த அதிகாரத்தையும் கொடுத்துவிடலாமே என்று நமக்குத் தோன்றலாம். அங்கேதான் சிக்கல். 2013-ல் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அதே முகமை சாதாரண மக்களின் தொலைபேசி விவரங்களை மொத்தமாகத் திரட்டி வந்ததைக் காட்டின. ஒட்டுக்கேட்கும் அமைப்பும் தாக்கும் படையும் ஒரே ஆளின் கையில் இருக்கலாமா என்ற விவாதமும் இன்றுவரை ஓயவில்லை. நகசோனே இரண்டு நாற்காலியிலும் ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்துவிட்டு, 2024 பிப்ரவரியில் பொறுப்பை ஒப்படைத்தார். காவல் வெளியே போகலாம் என்பதை அவர் நிரூபித்தார். எவ்வளவு தூரம், யாரைக் கேட்டு என்பதற்கு அந்நாட்டு மக்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இந்தக் கதையின் திருப்பங்களைத் திரும்பப் பாருங்கள்: ஒரு பென் டிரைவ், ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் வைத்த ஓர் ஆள், நம்பி ஏற்றிய ஓர் அப்டேட், பதிவேட்டில் இருந்த ஓர் அறியாத போன். நமக்கு ஜெனரல்கள் வேண்டாம். சங்கத்தின் கேமராவுக்கும் வைஃபைக்கும் என்ன கடவுச்சொல், அது யார் யாரிடம் இருக்கிறது, காலி செய்து போனவர்களின் எண்கள் கேட் செயலியிலிருந்து நீக்கப்பட்டனவா என்று அடுத்த பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். அந்த ஒருவர் நீங்களாகவே இருங்களேன்.