காந்த நாடாவும் அதன் பரீட்சையும்

பல்லடத்திலிருந்து தாராபுரம் செல்லும் பெருவழியில், வானம் பார்த்த பூமியும் கொறங்காட்டு மேய்ச்சலும் சூழ அமைந்த குண்டடத்தில், காட்டுவேலையோடு நூற்பாலை வேலையும் பனியன் கம்பெனி வேலையும் குடும்பங்கள் பலவற்றின் ஜீவனமாகிவிட்ட இந்நாளில், கோன் வைண்டிங் பிரிவில் ஒரு வருஷமேனும் நின்று பழகியவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எவ்வளவு உயர்ந்த பருத்தியில் நூற்ற நூலாயினும், சுற்றும்போது டென்ஷன் மிகுந்தால் அறுந்துபோகும். குறைந்தால் கோன் தளர்ந்து, பிரிக்கும் வேளையில் சிக்கிக்கொள்ளும். கணினிகளின் ஞாபகம் எழுபது வருஷங்களுக்கு மேலாக இதே நியதிக்குக் கட்டுப்பட்ட ஒரு நாடாவில் தங்கிவருகிறது என்பதும், அந்த நாடாவைக் கட்டளை வரியிலிருந்து ஓட்டி, அதில் எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துப் பரீட்சிப்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது என்பதும் நம்மவர்களில் பலர் அறியாத சரித்திரம்.

1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர், காகிதப் பட்டையின்மேல் இரும்பு ஆக்ஸைடுத் தூளைப் பூசி ஒலியைப் பதிவு செய்யும் உபாயத்தைக் கண்டார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தார் அந்த உபாயத்தைக் கொண்டு அமைத்த ஒலிப்பதிவு யந்திரத்தை ஜனங்களுக்குக் காட்டினர். பாட்டுக்கும் பேச்சுக்கும் என்று ஏற்பட்ட இச்சாதனம் எண்களின் சேவைக்கு வந்தது 1951இல். அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கு இலாகா பெற்றுக்கொண்ட யூனிவாக் கணினியில், அரை அங்குல அகலமும் நிக்கல் பூச்சும் கொண்ட பாஸ்பர் வெண்கலப் பட்டை ஓடிற்று. உலோகமாதலின் அது உறுதியாக இருந்தது. ஆனால் அதிகமாகக் கனத்தது.

மறு வருஷமே ஐ.பி.எம். நிறுவனத்தார் 726 என்ற எண்ணுடைய யந்திரத்தை வெளியிட்டனர். அதில் ஓடியது இலேசான பிளாஸ்டிக் நாடா. வேகம் விநாடிக்கு 75 அங்குலம். அங்குலத்துக்கு 100 எழுத்துகள். இவ்வெண்களைவிட நான் பெரிதாக மதிப்பது அந்த யந்திரம் ஒரு கஷ்டத்தைத் தீர்த்த விதத்தை. கணினி கேட்கும்போது நாடா மில்லி விநாடிக் கணக்கில் புறப்பட வேண்டும். போதும் என்றவுடன் அதே சீக்கிரத்தில் நிற்க வேண்டும். ஆனால் நூற்றுக்கணக்கான அடி நாடாவைச் சுமந்த கனத்த சுருள் அவ்வளவு விரைவாகப் புறப்படவோ நிற்கவோ முடியாது, வலிந்து இழுத்தால் நாடா அறுந்துவிடும். ஆகையால், சுருளுக்கும் நாடாவை வாசிக்கும் ‘தலை’ என்ற உறுப்புக்கும் நடுவே ஓர் உயரமான பெட்டியை அமைத்து, அதன் அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, நாடாவை அதனுள் ஒரு தொங்கலாக இறங்கச் செய்தனர். தலையின் பக்கம் நகர வேண்டியது இந்தத் தொங்கல் மட்டுமே. தொங்கல் குறைந்தால் சுருள் நாடாவை விட்டுக்கொடுக்கும், மிகுந்தால் இழுத்துக்கொள்ளும். ஓடினாலும் நின்றாலும் நாடாவின் டென்ஷன் ஏறக்குறைய மாறுவதே இல்லை. பழைய சினிமாப் படங்களில் கணினி என்றவுடன் காட்டப்படும், விட்டு விட்டுச் சுழலும் சக்கரங்கள் கொண்ட அலமாரி இதுதான்.

நாடாவில் எழுதப்படும் ஒவ்வொரு தொகுதிக்கும் பின்னால், நின்று புறப்படுவதற்காக ஒரு வெற்றிடம் விடப்பட்டது. 1964க்குப் பின் பரவிய ஒன்பது தடங்கள் கொண்ட நாடாவில், அங்குலத்துக்கு 1600 எழுத்துகள் எழுதும் முறையில், இவ்விடைவெளி 0.6 அங்குலம். துளையிட்ட அட்டை ஒன்றிலுள்ள 80 எழுத்துகளை ஒரு தொகுதியாக எழுதினால், எழுத்து கொள்ளும் நீளம் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. அதன் பின்னே வரும் வெற்றிடமோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு. விஷயம் தெரியாதவன் எழுதிய 2400 அடிச் சுருளில் பெரும்பகுதி வெறும் நாடாவாகவே போய்விடும். தெரிந்தவனோ 10,240 எழுத்துகளை ஒருங்கே சேர்த்து 6.4 அங்குலத் தொகுதியாக எழுதி அதே சுருளில் ஏராளமாக அடக்குவான். ஒரே யந்திரம், ஒரே நாடா. வித்தியாசமெல்லாம் ஓட்டுகிறவனுடைய அறிவில்தான்.

சுருளின் பின்புறத்துப் பள்ளத்தில் ஒரு பிளாஸ்டிக் வளையம் பொருத்தினால்தான் யந்திரம் எழுதும்; வளையத்தைக் கழற்றிவிட்டால் வாசிக்க மட்டுமே செய்யும். முக்கியமான நாடாக்களை வளையமில்லாமல் வைப்பது அந்நாளைய ஆபரேட்டர்கள் விடாமல் அனுசரித்த ஒழுக்கம். எழுதும் தலைக்கு அடுத்தாற்போல் வாசிக்கும் தலையையும் வைத்து, எழுதிய கணமே வாசித்து ஒப்புநோக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது.

நம் தமிழ்நாட்டுக் கல்வியுலகுக்கு 1973இல் பெருங்கணினி ஒன்று வந்தது. மேற்கு ஜெர்மனியின் ஒத்தாசையோடு 1959இல் தோன்றிய சென்னை ஐ.ஐ.டி.யில் அவ்வருஷம் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. அக்காலத்தில் கணினியை உபயோகிப்பவர் வேறு, அதை இயக்குபவர் வேறு. மாணவர் அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். இன்ன எண்ணுள்ள சுருளை இன்ன யந்திரத்தில் ஏற்றுக என்று கணினி அச்சிடும். ஆபரேட்டர் அலமாரியிலிருந்து அந்தச் சுருளை எடுத்து ஏற்றுவார். 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு அகன்றபின், அவர்கள் விட்டுச்சென்ற யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசாங்கம் அமைத்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷனைச் சார்ந்தது. உதிரி பாகங்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய தேசத்தில் தேய்ந்த தலைகளையும் தளர்ந்த வார்களையும் வைத்துக்கொண்டு அந்நிய யந்திரங்களை ஓட்டிய அந்தத் தலைமுறையினரின் திறமை இன்னும் போதிய அளவு போற்றப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

நாடாவை நம்பியிருந்த மற்றொரு துறை வானியல். ஜவ்வாது மலையில் காவலூரிலுள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986இல் வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயரால் அர்ப்பணிக்கப்பட்டது. அக்காலத்து வானியலார் விண்மீன்களின் பிம்பங்களை நாடாவில் எழுதிக் கையோடு கொண்டுபோவர். ஒரு கூடத்தில் எழுதியது வேறொரு கூடத்தின் கணினியில் வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காக 1981இல் ஃபிட்ஸ் என்ற பொதுக் கிரமம் ஒன்றை வெளியிட்டனர். அதன் தொகுதி 2880 பைட்டுகள். 23,040 பிட்டுகளான அது, 16, 32, 36, 48, 60 பிட்டுகள் கொண்ட சொற்களால் எண்ணும் அந்நாளைய கணினிகள் யாவற்றுக்கும் மீதியின்றி வகுபடும். வானியலாரிடையே நாடாவைக் கையோடு கொண்டுபோகும் வழக்கம் ஒழிந்த பின்னும், இன்றைய தொலைநோக்கிகள் பலவற்றின் படங்கள் இந்த 2880 பைட்டுத் தொகுதிகளாகவே சேமிக்கப்படுகின்றன.

ஆபரேட்டரின் அதிகாரத்தை உபயோகிப்பவரின் கையில் கொடுத்தது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். 1979இல் வெளிவந்த அதன் ஏழாம் பதிப்பில், பல கோப்புகளை ஒரே ஓட்டமாக நாடாவில் கட்டி வைக்கும் 'டார்' என்ற கட்டளை தோன்றிற்று. நாடாவை முன்னும் பின்னும் நகர்த்தும் 'எம்டி' என்பது பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பரப்பிய யூனிக்ஸின் வழியே பலருடைய கைக்கு வந்தது. யூனிக்ஸைப் பின்பற்றி எழுந்த லினக்ஸில் ஒரே நாடா யந்திரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. எஸ்டி பூஜ்யம் என்று அழைத்தால் வேலை முடிந்ததும் நாடா தானே ஆரம்பத்துக்குச் சுற்றிக்கொள்ளும். என்எஸ்டி பூஜ்யம் என்று அழைத்தால் விட்ட இடத்திலேயே நிற்கும். இந்த ஓரெழுத்து வித்தியாசத்தைக் கவனியாமல், திங்கட்கிழமைக் கணக்கின் பின்னால் செவ்வாய்க்கிழமைக் கணக்கை எழுதுவதாக எண்ணி, அதன் மேலேயே எழுதி அழித்தவர்கள் உலகமெங்கும் அநேகர். நாடாவில் எந்த இடத்தில் எழுதி நிறுத்தினாலும் அதற்கப்பால் உள்ளவை எட்டாதவையாகிவிடும் என்பதால், இப்பிழைக்குப் பரிகாரம் மிகவும் அரிது.

யந்திரத்தைப் பரீட்சிப்பதற்கென்று ஒரு கிரமம் உண்டு. அதை இங்கே விரிவாகச் சொல்வது பயனுடையது. முதலில் எம்டி கட்டளையால் நிலைமையைக் கேட்க வேண்டும். கோப்பு எண் பூஜ்யம், தொகுதி எண் பூஜ்யம், நாடா ஆரம்பத்தில் இருக்கிறது என்று விடை வந்தால் மேலே செல்லலாம். பிறகு சோதனைக்குரிய கோப்பு. இதில் அனுபவமில்லாதவர்கள் வெறும் பூஜ்யங்களால் ஆன கோப்பை அனுப்பி, யந்திரத்தின் வேகம் விளம்பரத்தில் கண்டதையும் மிஞ்சுகிறதே என்று மகிழ்வார்கள். யந்திரம் தனக்குள்ளேயே சுருக்கி எழுதும் வல்லமை உடையதாகையால், பூஜ்யங்கள் நாடாவைச் சேரும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடுகின்றன. ஒழுங்கற்ற எண்களால் நிரப்பிய கோப்பே உண்மையைச் சொல்லும். அத்தகைய இரண்டு கோப்புகளை, பிரதியெடுக்கும் 'டிடி' கட்டளையால் ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, நாடாவை ஆரம்பத்துக்குச் சுற்றி, ஒரு கோப்பைத் தாண்டச் சொல்லி, இரண்டாவதை வாசித்து, அதன் சரிபார்ப்பு எண்ணை மூலத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். நாடா சீராக ஓடாமல் நின்று, பின்வாங்கி, மறுபடி புறப்படும் சத்தம் கேட்டால், கணினி போதுமான வேகத்தில் விஷயத்தை ஊட்டவில்லை என்று அறியலாம். அந்தத் தள்ளாட்டம் நாடாவையும் தலையையும் ஒருசேரத் தேய்க்கும். யந்திரம் தானே மௌனமாகத் திருத்திக்கொண்ட பிழைகளின் எண்ணிக்கையும் அதனுள் பதிவாகியிருக்கும்; அது நாளுக்கு நாள் ஏறினால் தலையைச் சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜைப் போட வேண்டும். கடைசியாக, அதே நாடாவை வேறொரு யந்திரத்தில் வாசித்துப் பார்க்க வேண்டும். சுழலும் தலையுடைய, டாட் என்ற சிறு நாடா யந்திரங்களில் தலை சற்றே விலகியிருந்தாலும், அது எழுதியதை அது மட்டுமே வாசிக்கும் என்ற விபரீதம் நேர்வதுண்டு.

திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதி பெருகி, ஆர்டரும் சம்பளமும் சரக்கும் கணினியில் ஏறிய காலம் சிறு கார்ட்ரிட்ஜுகளின் காலம். 1989இல் வந்த டாட் வகையைச் சேர்ந்த நான்கு மில்லிமீட்டர் டிடிஎஸ் நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். 2000இல் எல்டிஓ என்ற நாடா வகை வந்தது; முதல் தலைமுறையில் ஒரு கார்ட்ரிட்ஜில் 100 ஜிகாபைட், 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறையில் 18 டெராபைட். பெரிய நிறுவனங்கள் நாடாவை இன்னும் கைவிடவில்லை. யந்திரத்திலிருந்து கழற்றி அலமாரியில் வைத்த நாடாவை எந்த வைரஸும் அணுக முடியாது.

ஆயினும் நாடா சிரஞ்சீவியன்று. காந்தத் தூளை ஒட்டவைக்கும் பசை ஈரத்தால் இளகும். அப்படிப்பட்ட நாடாவை ஓட்டினால் பூச்சு தலையில் ஒட்டிக்கொண்டு உரியும். மனிதனின் கையால் நேரும் நாசம் அதைவிடப் பெரிது. அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கியபோது பதிவு செய்த மூல நாடாக்கள், பிற்காலத்தில் நாடாத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அழித்து மறுபடி உபயோகிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் அறிவித்தது. யந்திரங்களோ தலைமுறைக்குத் தலைமுறை பழைய நாடாவைக் கைவிடுகின்றன. எல்டிஓ ஏழாம் தலைமுறை வரை, தனக்கு இரண்டு தலைமுறைகள் முந்தியதை வாசித்தது. எட்டாவது ஒரே ஒரு தலைமுறை முந்தியதைத்தான் வாசிக்கும். முதல் தலைமுறை நாடாவை வைத்திருப்பவர் மூன்றாம் தலைமுறைக்கு உட்பட்ட பழைய யந்திரம் ஒன்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

குண்டடத்திலும் தாராபுரத்திலும் திருப்பூரிலும், மில் கணக்கையோ, சங்கத்தின் அங்கத்தினர் பதிவையோ, மூடிய கம்பெனியின் சம்பளப் புத்தகத்தையோ தாங்கிய பழைய கார்ட்ரிட்ஜ் எவரிடமேனும் இருக்குமானால், அவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எழுதவிடாமல் தடுக்கும் சிறு தாழ்ப்பாளை முதலில் பூட்டு நிலைக்குத் தள்ளிவிடுங்கள். அதன்பின், அதை வாசிக்கவல்ல யந்திரமும் அதை ஓட்டத் தெரிந்த ஒருவரும் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரித்து, இந்த வருஷமே ஒருமுறை வாசித்துப் பிரதி எடுத்து வையுங்கள்.