கறிவேப்பிலைக்குள்ள ஒரு தரங்கம்பாடி டாக்டர்

தினமும் தாளிச்சுட்டு, சாப்பிடும்போது ஓரமா ஒதுக்கி வைக்கிறோமே கறிவேப்பிலை, அதோட அறிவியல் பேருக்குள்ள ஒரு தரங்கம்பாடி டாக்டர் ஒளிஞ்சிருக்கார் மக்களே. பேரு யோஹான் கெர்ஹார்ட் கோனிக்.

1728ல் பிறந்தவர். உயிரினங்களுக்கு இரட்டைப் பேர் வைக்கிற முறையை நிலைநிறுத்தின சுவீடன்காரர் லின்னேயஸோட மாணவர். 1768ல் மிஷன் மருத்துவரா தரங்கம்பாடிக்கு வந்தார். அந்த ஊர் 1620லிருந்து 1845 வரை டேனிஷ்காரங்க கையில இருந்தது. வைத்தியம் போக மிச்ச நேரத்துல செடி, பூச்சின்னு சேகரிச்சு ஐரோப்பாவுக்கு அனுப்புவார். 1774ல் ஆற்காடு நவாப்கிட்ட வேலை, 1778ல் கிழக்கிந்தியக் கம்பெனி. நம்மாளுங்க மாதிரியே கம்பெனி மாத்திட்டே இருந்திருக்கார் :-) 1785ல் இந்தியாவிலேயே இறந்தும் போனார்.

லின்னேயஸ் 1771ல் கறிவேப்பிலைக்கு 'பெர்கெரா கோனிகியை'ன்னு மாணவர் பேரையே வெச்சார். பின்னாடி வந்தவங்க அதை 'முர்ராயா' பேரினத்துக்கு மாத்தினாங்க. இப்போ பலர் மறுபடி பெர்கெராவுக்கே கொண்டு வந்துட்டாங்க. ஃபோல்டர் மாறினாலும் ஃபைல் பேரு மாறலை, கோனிக் அப்படியே இருக்கார்.

அவர் அனுப்பின பூச்சிகள் பலவும் போய்ச் சேர்ந்தது லின்னேயஸோட இன்னொரு மாணவர் ஃபாப்ரிசியஸ்கிட்ட. அந்த ஃபாப்ரிசியஸ் 1775ல் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு, புழுவா இருக்கும்போது அது தின்னுற செடியோட பேரையே வெச்சார்: 'அரிஸ்டோலோக்கியே'. கறுப்பு இறக்கை, சிவப்பு உடம்பு. நம்ம தமிழ்ப் பேரு ரோஜா அழகி. செடி எதுன்னா, நம்ம ஊரு ஆடுதீண்டாப்பாளையும் அதோட சொந்தக்காரக் கொடிகளும். ஆடுகூடத் தொடாத அந்த விஷத்தைப் புழு தன் உடம்புல சேர்த்து வெச்சுக்குது. ஒரு தடவை கடிச்ச பறவை மறுபடி கிட்ட வராது. (மருந்துன்னு யாரும் அரைச்சுக் குடிச்சிடாதீங்க, கிட்னி போயிடும்.)

இப்போ கறிவேப்பிலைக்கு வருவோம். அதுலயும் எலுமிச்சையிலயும் வளர்றது கறிவேப்பிலை அழகி. உடம்புல விஷம் கிடையாது. ஆனா பெண்கள்ல சிலது ரோஜா அழகி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுப் பறக்கும். இந்த வேஷத்தை ஒரே ஒரு மரபணு நடத்துதுன்னு 2014ல் கிருஷ்ணமேக் குண்டேவும் கூட்டாளிகளும் கண்டுபிடிச்சாங்க.

இதுல நாம கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. பறவைக்கு நிஜ விஷத்தோட ருசி தெரிஞ்சாத்தான் போலி வேஷம் செல்லும். வீட்ல கறிவேப்பிலை இருந்தா மட்டும் போதாது. பக்கத்து வேலியில ஆடுதீண்டாப்பாளையும் இருக்கணும்.

எங்க அபார்ட்மென்ட்ல காலியிடத்தைச் 'சுத்தம்' பண்ணி, அந்தப் பாளையைக் களைன்னு வழிச்சு எறிஞ்சுட்டு, குரோட்டன்ஸும் புல்தரையும் போட்டாங்க. மிச்சமிருந்த ஒரே கறிவேப்பிலைக்கும் மருந்தடிக்க ஆள் வந்துச்சு. இது மட்டும் வேண்டாம்னு சண்டை போட்டு நிறுத்தினேன். "பூச்செடிதான் அத்தனை இருக்கே சார், பட்டாம்பூச்சி வரும்"னு பதில் வந்தது. வரும் சார், தேன் குடிக்க வரும். பூவெல்லாம் ஓட்டல் மாதிரி. முட்டை வைக்க அததுக்கு ஏத்த இலைதான் வேணும், குரோட்டன்ஸ்ல அது நடக்காது.

உங்க வீட்டுக் கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஏதாச்சும் ஒட்டிட்டிருந்தா தட்டி விட்டுடாதீங்க. அது குட்டிப் புழு. வளர்ந்தா பச்சையாயிடும். சீண்டினா தலைக்குப் பின்னாடி சிவப்பா ரெண்டு கொம்பு நீட்டி நாத்தம் விடும். தின்ன இலை மறுபடி துளிர்த்துடும்.

ஆடுதீண்டாப்பாளைக்கு உங்க ஊர்ல வேற பேரு உண்டா? இருந்தா சொல்லுங்க. வேலியோரம் இன்னும் அது இருக்கான்னும் பார்த்துச் சொல்லுங்க.